பாகாயத்தில் சில நாட்கள்

முதல் நாள், திங்கள்

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து வேலூர் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நேற்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபித்து எங்களை வழியனுப்பினார்; இன்று காலை ஒன்பதரை மணிக்குத்தான், தம்பியின் சிகிச்சைக்காக, வேலூரை ஒட்டிய பாகாயம் வந்து சேர்ந்தோம். வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, மெத்தை விரித்துத் தம்பியைப் படுக்க வைத்திருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரங்கட்டி அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்ததால் இவ்வளவு நேரமாயிற்று.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டு மாடித் தொட்டிக்கு மோட்டார் வயர் இழுக்க ஏறியவன், ஏணி சரிந்து விழுந்தான். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போயின. வயது நாற்பத்தொன்று. மூத்த மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடப்பதால் அவன் மனைவி ஊரிலேயே இருக்க, அவனுக்குப் பதினேழு வயது மூத்தவனும் ஓய்வுபெற்ற தமிழாசிரியனுமாகிய நான் துணைக்கு வந்திருக்கிறேன். சபையார் பலர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால், முடிந்த நாட்களில் இப்படி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.

போளூரைத் தாண்டி, கண்ணமங்கலத்துக்கு முன்பாக ஓரிடத்தில், விடிந்து சற்று நேரம் கழித்து வண்டியை நிறுத்தினோம். அங்கே புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கற்களைத் தோளுயரத்துக்கு நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். எப்போதோ அடித்த சுண்ணாம்பு திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. மேலே யாரோ காலி தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவன், இறக்கிவிட ஆளைத் தேடாமல், நின்றபடியே சுமையைக் கல்லின் மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம். குனியாமல் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது நம் நாட்டு வழக்கம். அவள் இறக்கி வைக்காமலே போன சுமைக்காக, வழிப்போக்கர்களின் சுமையை இந்தக் கல் தாங்குகிறது.

தம்பியைப் புரட்டிக்கொண்டே, வகுப்பறைப் பழக்கத்தில், நான் இதையெல்லாம் விளக்கினேன். அவன் கல்லைப் பார்த்தபடி கிடந்தான். “எறக்கி வைக்கிறது சரி அண்ணே. மறுபடி தூக்கித்தான ஆகணும்” என்றான். ஓட்டுநர் சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், அதாவது சி.எம்.சி.யின், மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தல், கட்டணம், படுக்கை என்று பகல் முழுவதும் கழிந்தது. மாலையில் சில சாமான்கள் வாங்க டவுனுக்குப் போனேன். பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளும் சாப்பாட்டுக் கடைப் பலகைகளும் வங்காள எழுத்தில் இருக்கின்றன. கடைக்காரப் பையன்கள் வங்காளத்தில் விலை சொல்கிறார்கள். கொல்கத்தாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்தவர்களுக்கு முன்னால், எங்கள் பதினாறரை மணி நேரத்தைப் பற்றி நான் முறையிடக் கூடாது.

எங்கள் பக்கத்துப் படுக்கையிலும் ஒரு வங்காள இளைஞன்தான், கட்டடத்திலிருந்து விழுந்தவன். துணைக்கு அவனுடைய அம்மா. அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று பிள்ளைகளைப் புரட்டும் வேளையில் மட்டும் எங்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை. அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்று இரண்டு விரலைக் காட்டுவார், நான் எழுந்து போய்த் தோளைப் பிடிப்பேன்; பிறகு அவர் எங்கள் பக்கம் வந்து தம்பியின் கால்களைப் பிடித்துக்கொள்வார். அந்த அம்மாவின் வளையல் ஓசையில்தான் நான் விழிக்கிறேன், அலாரத்தில் அல்ல.

“விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய்” என்று 130-ஆம் சங்கீதத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன். ஜாமக்காரன் என்கிற இரவுக் காவலாளிக்கு இரவெல்லாம் வேலை இருந்தது என்பது இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பதையே காத்திருத்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள், புதன்

மருத்துவர் இன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். பாதிப்பு முழுமையானது, கால்களில் பழைய நடை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கைகளிலும் மார்பிலும் நல்ல பலம் இருப்பதால் சக்கர நாற்காலியில் யார் உதவியும் இல்லாமல் வாழலாம், அதைத்தான் இங்கே கற்றுத்தரப் போகிறோம் என்றார். குரலில் இரக்கம் இருந்தது. ஆனால் வார்த்தையை மழுப்பவில்லை.

ஊரில் எட்டு மாதமாக யாருமே எங்களிடம் இப்படிப் பேசியதில்லை. முதலில் சேர்த்த மருத்துவமனையில் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றே ஆறு வாரம் ஓட்டினார்கள். அதற்குள் அவனுடைய வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. அதைவிட மோசமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், வீடு நிறைய ஆட்கள் கூடியிருக்க, தம்பியின் கையைப் பிடித்து “இயேசுவின் நாமத்தில் எழுந்து நட” என்று இழுத்தார். அவன் கட்டிலிலிருந்து சரிந்து, முகம் தரையில் மோத விழுந்தான். “வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டுப் போனார். பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் சபைக் கோயில் பாடகர் குழுவில் பாடிய தம்பி, அன்றைக்குப் பிறகு ஒரு பாட்டும் பாடவில்லை. குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

அன்று அந்த ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகளுக்கு மதிப்பில்லை.

வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவின் மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இரவு பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாட்களும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். எட்டாம் நாள் வாயைத் திறந்ததும்தான் கெட்டது.

இரவு, வழக்கம்போல நான் கட்டிலருகே நின்று உரக்க ஜெபிக்கத் தொடங்கினேன். “அண்ணே, இன்னைக்கு ஒருநாள் சும்மா இருங்களேன்” என்றான். உட்கார்ந்துவிட்டேன். என்ன கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாகக் கேட்டது ஒரே காரியம், அது இன்று காலை என் கையிலிருந்து போய்விட்டது. ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். எனக்கு இன்று பெருமூச்சு மட்டும்தான் வந்தது.

நான்காம் நாள், வியாழன்

எழுத ஒன்றுமில்லை. நல்ல வெயில். தம்பி பேசவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

இந்த மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இதன் கதையால்தான் தம்பி தலையைத் திருப்பினான். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பழைய நோயாளி, இப்போது காட்பாடிப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர், மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றிச் சொன்னார்.

கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர், தானே நிரந்தர நோயாளியானார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சை அப்போது வேலூரில் வளர்ந்து வந்தது. அதற்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. மேசையருகே உட்கார்ந்து செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் அந்த அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, அதற்கென ஒரு துறையை இங்கே உருவாக்கினார். பாகாயத்து மையம் 1966-இல் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கடைசிவரை, 1986-இல் இறக்கும்வரை, அவர் நடக்கவில்லை.

“நடக்கவே இல்லியா?” என்று தம்பி கேட்டான். அந்தத் தையல்காரர், “இல்லங்க” என்றார். இதைச் சபையில் சாட்சியாகச் சொல்கிற யாரும் எங்கள் பக்கத்தில் முடிவை மாற்றித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர் மாற்றவில்லை. தம்பி வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் எனக்குள் இன்னொரு கதையும் ஓடியது. சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவ மிஷனரிகளின் குடும்பம்; ஆனால் அவருக்கு அந்த வேலையில் விருப்பமே இல்லை. தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டுக் கணவன்மார் பிரசவ வேதனையில் இருந்த மனைவியைப் பார்க்க அவரை அழைத்தார்கள். “நான் மருத்துவர் இல்லை, என் அப்பா வருவார்” என்றதற்கு, அந்நிய ஆண் வந்து பார்க்க மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டார் சுமைதாங்கிக் கல் நட்டார்களோ என்னவோ! நினைவுக்குக் கல் நடத் தெரிந்த ஊருக்கு, அப்பெண்களைப் பிழைக்க வைக்க ஒரு பெண் மருத்துவர் அன்று இல்லை.

இதை எல்லாரும் சொல்வார்கள். அடுத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்த ஐடா அப்பாவிடம் இருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அந்த ஆண்டே அப்பா இறந்துபோனார். அனுபவமில்லாத பெண் மருத்துவரை நம்பி ஆட்கள் உடனே வந்துவிடவில்லை. இன்று வங்காளத்திலிருந்து ரயில் ஏறி வருகிறார்களே, அந்த இடத்தின் தொடக்கம் ஒரு படுக்கை. நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை எழும்பியது 1902-இல். இன்று அது ஆரணிச் சாலையில் கண் மருத்துவமனையாக இருக்கிறது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வர 1918 ஆயிற்று. திண்டிவனத்து இரவிலேயே ஒரு வெளிச்சம் வந்து எல்லாம் சரியாகிவிட்டதுபோல நாம் பிரசங்கத்தில் சுருக்கிவிடுகிறோம். இடையில் இருந்த வருஷங்களை அவர் ஒவ்வொரு நாளாகத்தானே கழித்திருக்க வேண்டும்.

தமிழாசிரியனின் அரிப்பு என்று பொறுத்துக்கொள்ளுங்கள்: நம் மொழியில் “பொறு” என்றால் தாங்கு என்றும் பொருள். பாரம் பொறுக்கிற தூண் என்கிறோம். பொறுப்பும் பொறுமையும் ஒரே வேரில் பிறந்தவை. பொறுமையை மனத்தின் அமைதி என்று நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். மனம் கொந்தளித்துக்கொண்டிருந்தாலும் தூண் பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஏழாம் நாள், ஞாயிறு

லெந்து என்னும் தவக்காலத்து ஞாயிறு என்பதால், பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் சைகையால் சொல்லிவிட்டுக் காலை ஆராதனைக்கு டவுனுக்குப் போனேன். தம்பி வரமாட்டேன் என்றான்; வரச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. ஆராதனை முடிந்து, ஒரு மணி நேரம் கையில் இருந்ததால் கோட்டைப் பக்கம் நடந்தேன்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. ஐந்தாவதாக இவ்வூர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள். அது பொய் என்பதால் விட்டுவிடுகிறேன். சாமியில்லாக் கோயில் என்பது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில். பல தலைமுறைகளாகக் கருவறையில் மூலவர் இல்லாமல் இருந்து, 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து வைக்கப்பட்டது. கோட்டைக்குள்ளேயே புனித யோவான் ஆலயமும் இருக்கிறது. ஒரு மசூதியும் இருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் நாள் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்ததும் மாய்ந்ததும் இந்த மதிலுக்குள்தான்.

எனக்கு மனத்தில் நின்றது நீரில்லா ஆறு. திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன் (வழி சுற்று என்று ஆட்டோக்காரர் முணுமுணுத்தது நியாயம்). கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் முள்செடியும். ஆனால் பாலாறு மணலுக்கு அடியில் ஓடும் ஆறு, முன்பெல்லாம் முழங்கை ஆழம் தோண்டினாலே ஊற்று சுரக்கும் என்றார் ஆட்டோக்காரர். மணலை அள்ளி அள்ளி, இப்போது அந்த ஆழம் எங்கேயோ போய்விட்டது. “2021-ல வந்துச்சு பாருங்க வெள்ளம், கரை கொள்ளாம. அதுக்கு முன்னாடி என் பசங்க ஆத்துல தண்ணியே பார்த்ததில்ல” என்றார். ஊற்றை விசுவாசத்துக்கு உவமையாக்கி ஒரு பிரசங்கம் எழுத என் கை துறுதுறுத்தது. மணல் அள்ளியதை என்ன செய்வது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்

தம்பிக்கு இன்று ஒரு கைக்கண்ணாடி கொடுத்தார்கள். சவரம் செய்யப் பயன்படுத்துவதுபோல, நீண்ட கைப்பிடி உள்ளது. காலையும் மாலையும் ஒருக்களித்துப் படுத்து, தன் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் கண்ணாடியில் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வலி இருந்தால் நாம் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். வலி தெரியாதவனுக்கு அந்தக் காவல் இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது அவனுக்குத் தெரியாது.

இதே பாடத்தைத் தொழுநோயில் கண்டுபிடித்த இடமும் வேலூர்தான். கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்து, 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை, உணர்வில்லாத கையில் படும் தீயும் வெட்டும் புண்ணுமே அவற்றை அழிக்கின்றன என்று காட்டினார். வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். துன்பமே வரம் என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தக் கூடத்தில் வலியில்லாமல் கிடக்கும் முப்பது பேரைப் பார்த்த பிறகு, “வலியை எடுத்துவிடும், ஆண்டவரே” என்று எதற்கெடுத்தாலும் கேட்கும் ஜெபத்தில் எனக்கு முன்போல வேகமில்லை.

முதல் முறை கண்ணாடியைப் பிடித்தபோது தம்பியின் கை நடுங்கியது. தன் புண்ணை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை மாதமாக நாங்கள் மருந்து வைத்துக் கட்டினோம், “நல்லா ஆறுது, நல்லா ஆறுது” என்றோம். இன்று அவன் நெடுநேரம் பார்த்தான். ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு இன்னும் திறந்திருந்தது. “நீங்க சொன்னது பாதி நெசம்தான் அண்ணே” என்றான். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் குரலில் கேலியைக் கேட்டது இப்போதுதான்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளி

பக்கத்துப் படுக்கை இளைஞன் நேற்று ஊருக்குப் புறப்பட்டான். அவனுடைய அம்மா போகும்போது ஒரு பொட்டலம் பொரியை என் கையில் வைத்து, தம்பியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நள்ளிரவில் இப்போது அலாரம்தான். இரண்டு நாளாகத் தம்பியே கட்டில் கம்பியைப் பிடித்துப் பாதி புரண்டுவிடுகிறான். நான் கால்களை மட்டும் சரிசெய்கிறேன்.

இன்று வீட்டுக்குச் சாய்தளம் அமைப்பது பற்றிப் பேசினார்கள். கணக்கு எளியது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். அதைவிடச் செங்குத்தாக வைத்தால், நாற்காலியைத் தானே தள்ளி ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். எங்கள் வீட்டுக்கு இரண்டு படிகள், உயரம் பதினான்கு அங்குலம், ஆகவே பதினான்கு அடி வேண்டும். தெரு ஆறடியில் வந்துவிடுவதால் திண்ணையை ஒட்டித் திருப்ப வேண்டும். நான் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எட்டிப் பார்த்தான். சற்று நேரம் கழித்து, “கோயில்ல எத்தனை படி?” என்றான்.

நான்கு என்றேன். உயரம் எனக்குத் தெரியவில்லை. அறுபது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிறங்கிய படிகள்தான். எங்கள் சபைக் கோயிலைப் பராமரிக்கும் கோயில்குட்டியாருக்குப் போன் செய்து, டேப் வைத்து அளந்து சொல்லச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான்கு மணிக்கு அவரே அழைத்தார். ஒவ்வொரு படியும் ஆறரை அங்குலம், மொத்தம் இருபத்தாறு. படியடியிலிருந்து கோபுரச் சுவர் இருபத்தோரு அடி. தெற்கே வேப்பமரம் வரைக்கும் காலியிடம் என்றார்.

தம்பி நோட்டை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இருபத்தாறு அடி நேரே போகாது என்று கோடு போட்டுப் பார்த்து, பதின்மூன்று அடியில் நாற்காலி நின்று திரும்ப ஒரு சமதளம் வரைந்தான். பிறகு கைகளை ஊன்றி உடலை ஒரு முறை தூக்கி இறக்கிவிட்டு, “வேப்பமரத்துப் பக்கமா திருப்பினா சரியா இருக்கும். ஐயர்ட்ட மரத்த வெட்டிப்புடாதீங்கன்னு சொல்லுங்க” என்றான்.